உப்புக் காற்றில் ஏசி நீண்ட நாள் ஓட: குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

குளச்சல் பக்கம், ராத்திரியில் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று, லீவில் வந்த தம்பி ஒன்றரை டன் ஏசி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போனான். முதல் கோடை நன்றாக ஓடியது. இரண்டாவது கோடையில் குளிர் குறைந்தது, கேஸ் நிரப்பினோம். மூன்றாவது கோடையிலும் நிரப்பினோம், நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை. கடைசியில் தக்கலையிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் தம்பி, அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தை விரலால் லேசாகத் தடவினார். அலுமினியத் தகடுகள் அப்பளம் போல நொறுங்கி வெள்ளைப் பொடியாகக் கொட்டின. "அக்கா, கம்ப்ரசர் புதுசு மாதிரி இருக்கு. காயிலைத்தான் கடல் தின்னுட்டு" என்றார்.

கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரன்டி இருந்தது. கேஸ் ஓடும் குழாயும் தகடுகளும் சேர்ந்த காயிலுக்கு ஒரு வருடம்தான். கேஸுக்கு இரண்டு தடவையாக ஆறாயிரம், புதுக் காயிலுக்கும் வேலைக்கும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் என்று பணம் போனது. அதைவிட, அந்த மூன்று மாதமும் அம்மா தூங்காமல் கிடந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதற்குப் பிறகு கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பிறகு வாங்கி இப்போது ஓடும் ஏசிக்கு ஐந்தாவது வருடம் நடக்கிறது. இதுவரை ஒரு தடவைகூடக் கேஸ் நிரப்பவில்லை.

நம் மாவட்டத்தில் ஏசி சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம் உப்பு. அடுத்தது ஈரம், அதற்கடுத்தது ஏறி இறங்கும் கரண்ட். கம்பெனி கொடுக்கும் கையேடு நாடு முழுவதற்கும் பொதுவானது. அதில் உள்ளபடி மட்டும் பராமரித்தால் கடற்கரை வீட்டுக்குப் போதாது.

1. முதலில் பேப்பர்களைச் சரி செய்யுங்கள்

ஏசி வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றைக்கே செய்யுங்கள்.

கடை பில் வெயிலில் வைத்தால் மங்கும் தாளில் அச்சாகி இருக்கும். நம் ஊர் ஈரத்தில் இரண்டு வருடம்கூட எழுத்து நிற்காது. போட்டோ எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வையுங்கள். பில்லில் மாடல் எண், உள்யூனிட் சீரியல் எண், வெளியூனிட் சீரியல் எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியூனிட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். என் பழைய யூனிட்டில் அந்த ஸ்டிக்கர் வெளுத்து, எண்ணே தெரியாமல் போனது.

வாரன்டி அட்டையில் கடைக்காரர் முத்திரை வேண்டும். பொருத்திய தேதி எழுதிய இன்ஸ்டலேஷன் ரசீதை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு சர்வீசுக்கும், என்ன வேலை செய்தார்கள் என்று எழுதிய ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். ஸ்டெபிலைசர் பில்லும் இதே கவரில் இருக்கட்டும். கரண்ட் பிரச்சினையால்தான் ஏசியின் எலக்ட்ரானிக் போர்டு போனது என்று கம்பெனி சொல்லும்போது, ஸ்டெபிலைசர் வைத்திருந்தோம் என்று காட்ட அது உதவும்.

இதில் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பில், வாரன்டி பதிவு எல்லாம் தம்பி பெயரில், தம்பியின் ஊர் நம்பரில் இருந்தன. அவன் வளைகுடாவுக்குத் திரும்பியதும் அந்தச் சிம் அணைந்து கிடந்தது. சர்வீசுக்குப் போன் செய்தால், பதிவு செய்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும் என்றார்கள். நம்பரை மாற்றவே ஒன்பது நாள் ஆனது. வெளிநாட்டில் இருப்பவர் பணம் கொடுத்தாலும் பில்லை வீட்டில் இருப்பவர் பெயரிலும் நம்பரிலும் போடுங்கள்.

வாரன்டி அட்டையில் 'எவற்றுக்குப் பொருந்தாது' என்ற பகுதியை வாங்குவதற்கு முன்னாலேயே படியுங்கள். உப்புக் காற்றாலும் அரிப்பாலும் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பல அட்டைகளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

2. வாங்கும்போது கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: "இண்டோர், அவுட்டோர் இரண்டிலும் காயில் செம்பா, அலுமினியமா? கோட்டிங் உண்டா?" கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் செம்புக் குழாயும், தகடுகள் மேல் தொழிற்சாலையிலேயே பூசிய நீல அல்லது தங்க நிறப் பூச்சும் இருக்கும் மாடலையே வாங்குங்கள். செம்புக் குழாய் பொத்தல் விழுந்தால் பற்றவைத்து (வெல்டிங் செய்து) அடைக்கலாம். அலுமினியக் குழாயைப் பற்றவைக்கும் ஆளைத் தேடுவது கஷ்டம். பெரும்பாலும் காயிலையே மாற்ற வேண்டிவரும். செம்புக் காயில் என்றாலும் இடையில் உள்ள மெல்லிய தகடுகள் அலுமினியம்தான். எங்கள் வீட்டில் நொறுங்கியது அந்தத் தகடுகள். அதனால் பூச்சு ரொம்ப முக்கியம்.

இரண்டாவது கேள்வி: காயிலுக்கும் போர்டுக்கும் தனி வாரன்டி எத்தனை வருடம்? விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பத்து வருடம் கம்ப்ரசருக்கு மட்டும். நம் ஊரில் முதலில் போவது காயிலும் போர்டும்தான். காயிலுக்கும் சேர்த்து ஐந்து வருடம் தரும் மாடலுக்கு இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

குளிரும் சூடும் சேர்ந்து தரும் மாடலை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேச்சிப்பாறைப் பக்கம்கூட நமக்கு ஹீட்டர் தேவைப்படாது. கூடுதல் வால்வு, கூடுதல் விலை, கெடுவதற்குக் கூடுதலாக ஒரு இடம், அவ்வளவுதான்.

அளவு விஷயத்தில் பெரியது நல்லது என்று நினைக்காதீர்கள். 110, 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் போதும். 150 முதல் 180 வரை ஒன்றரை டன். மேலே மொட்டை மாடி நேராக வெயில் வாங்கினால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சின்ன அறைக்குப் பெரிய ஏசி போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. உடம்பு சில்லென்று இருக்கும், மெத்தை மட்டும் பிசுபிசுக்கும்.

ஏசிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18 தானா என்று பாருங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்கள் ஓணம் தள்ளுபடிக்குத் திருவனந்தபுரம் போய் வாங்குவதுண்டு. கம்பெனி வாரன்டி நாடு முழுவதும் செல்லும். ஆனால் கடை சொல்லும் 'இலவசப் பொருத்தல்' எல்லை தாண்டி வருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வெளியூனிட்டுக்கு இடம் பாருங்கள்

எனக்கு மட்டும் முன்பே யாராவது சொல்லியிருந்தால் என்று நான் நினைப்பது இந்த ஒரு படியைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கரையில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். அந்த நான்கு மாதமும் அலை உடைந்து பறக்கும் திவலை காற்றோடு ஊருக்குள் வரும். ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். எங்கள் யூனிட் மாடியில், மேற்குச் சுவரில், கடலைப் பார்த்தபடி இருந்தது. காயில் எப்போதும் பின்பக்கத்திலிருந்து காற்றை உள்ளே இழுக்கும். அதாவது, உப்பை நாமே விசிறி வைத்து இழுத்துக்கொடுத்த மாதிரி. புது யூனிட்டை வடகிழக்கு மூலைக்கு, வீட்டின் மறைவுக்கு மாற்றினேன். பைப் நீளம் கூடியதற்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. இந்த விஷயத்தில் நான் செலவழித்ததிலேயே நல்ல செலவு அதுதான்.

மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று சன்ஷேடுக்கு அடியில் ஒடுக்கிப் பலர் வைக்கிறார்கள். நானும் அதைத்தான் சரி என்று நினைத்திருந்தேன். வெளியூனிட் மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்டது. நல்ல மழை அதன்மேல் படிந்த உப்பைக் கழுவிவிடும். உப்புக் காற்று புகுந்து, மழை மட்டும் படாத மறைவில்தான் அரிப்பு வேகமாக நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில்தான் உங்கள் யூனிட் இருக்கிறது என்றால் கையால் கழுவியே ஆக வேண்டும் (ஆறாவது படியைப் பாருங்கள்).

பின்பக்கம் சுவருக்கும் யூனிட்டுக்கும் இடையே ஒரு சாண், முன்பக்கம் மூன்று அடி திறந்த இடம் வேண்டும். திருட்டுப் பயத்துக்காகக் கூண்டு அடிப்பதானால் கம்பி அகலமாக இருக்கட்டும்.

ஸ்டாண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெயின்ட் அடித்த சாதா இரும்பு ஆங்கிள் கடற்கரையில் மூன்றாவது வருடமே செதில் செதிலாக உரியும். வெளியூனிட் முப்பது கிலோ கனம், கீழே பிள்ளைகள் விளையாடுவார்கள். துத்தநாகத்தில் முக்கியெடுத்த (கால்வனைஸ்டு) ஸ்டாண்டும், துருப்பிடிக்காத எஸ்எஸ் போல்ட்டும் கேளுங்கள். கடைக்காரர் தரும் ஸ்டாண்டைவிட எழுநூறு, ஆயிரம் ரூபாய் கூடுதலாக ஆகும். தரையிலோ மாடித் தளத்திலோ காங்கிரீட் கட்டை மேல் வைக்க முடிந்தால் அதுவே மேல். கழுவவும் எளிது.

மலைப் பக்கம், அதாவது குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறை வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் கவலை இல்லை. அங்கே வேறொன்று உண்டு. ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம் அல்லவா, அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்தால் செம்புக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்களை விழவைக்கும். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்கும் ஷீட்டை உலர்த்தும் புகைப்புரைக்கும் பக்கத்தில் வெளியூனிட்டை வைக்கவே வைக்காதீர்கள். ஆசிட் கேனை ஏசி ஓடும் அறைக்குள்ளும் வைக்கக்கூடாது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று மிகவும் பலமாக இருக்கும். விசிறியின் முகம் காற்றுக்கு எதிராக இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள்.

4. பொருத்தும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள்

ஒன்றரை மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் ஆகும் வேலை. கோடையில் ஆட்களுக்கு ஒரே நாளில் ஐந்தாறு வீடு இருக்கும், அவசரப்படுவார்கள். மூன்று விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேக்கும் பம்ப் கொண்டுவந்திருக்கிறார்களா என்று வாசலிலேயே கேளுங்கள். பைப்பை இணைத்ததும் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்துக் குறைந்தது இருபது நிமிடம் உறிஞ்ச வேண்டும். "கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டால் காற்று வெளியே போயிடும்" என்று சொல்வார்கள். காற்று போகலாம், ஈரம் போகாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அது கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, நான்கைந்து வருடம் கழித்துக் கம்ப்ரசரைக் கொல்லும். அப்போது காரணம் யாருக்கும் தெரியாது.

பைப் முனையை விரித்து நட்டு முடுக்கும் இடங்களில் சோப்பு நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு குமிழிகூட வரக்கூடாது. கசிவு சோதனைக்கு நைட்ரஜன்தான் பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை நிறுத்துங்கள், அது எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

டிரெயின் பைப் சரிவாக இறங்க வேண்டும். உள்யூனிட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள். பைப்பின் வெளிமுனையில் ஒரு துண்டு வலை கட்டுங்கள். பல்லி, எறும்பு, குளவி ஏறும் வழி அது.

சாதாரணப் பொருத்தலுக்கு எங்கள் பக்கம் ஆயிரத்து ஐநூறு முதல் இரண்டாயிரம் வரை வாங்குகிறார்கள். பெட்டியில் வரும் பைப் பெரும்பாலும் மூன்று மீட்டர்தான். கூடுதல் மீட்டருக்கு என்ன விலை என்று வேலை தொடங்கும் முன் பேசிவிடுங்கள்.

5. கரண்ட்

நம் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம். அதாவது 216 முதல் 244 வரை. ராத்திரி எட்டு மணிக்கும் நள்ளிரவிலும் எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து நான்கைந்து நாள் பாருங்கள். தொடர்ந்து இதற்கு வெளியே இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987இல் புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இன்வெர்ட்டர் ஏசிக்கு (கம்ப்ரசரின் வேகம் தானே கூடிக் குறையும் வகை) ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள். அந்த மாடலின் வோல்டேஜ் வரம்பு அட்டையில் இருக்கும். உங்கள் வீட்டு அளவு அதற்குள்ளேயே நின்றால் அவர்கள் சொல்வது சரி. டிரான்ஸ்ஃபார்மருக்கு ரொம்ப தூரத்தில், தோப்புக்குள் வீடு என்றால் வாங்கிவிடுங்கள். மூவாயிரம், நான்காயிரம் ஆகும். போர்டு ஒன்று போனால் ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம்.

ஒன்றரை டன்னுக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் ஸ்விட்ச்) வேண்டும். ஃபிரிட்ஜோடு ஒரே லைனில் போடாதீர்கள். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். கடற்கரை மணலில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும், மாசியிலேயே தண்ணீர் ஊற்றுங்கள். கரண்ட் பில்லில் உங்கள் இணைப்பின் சுமை எவ்வளவு என்று பார்த்து, ஏசியோடு சேர்த்துப் போதாது என்றால் மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் இடி பலமாக இருக்கும். வானம் இருட்டினால் ரிமோட்டில் அணைத்தால் போதாது, எம்சிபியையே இறக்குங்கள். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

6. வெளியூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்

எங்கள் முதல் ஏசிக்கு வருடத்துக்கு இரண்டு சர்வீஸ் தவறாமல் நடந்தது. அப்படியும் காயில் ஏன் போனது என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, சர்வீசுக்கு வந்தவர்கள் பம்ப்பை எங்கள் போர் தண்ணீர்க் குழாயில் மாட்டி அடித்திருக்கிறார்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கடல் கொண்டுவந்த உப்பு போதாதென்று, காசு கொடுத்து இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறோம்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு எவர்சில்வர் தட்டில் கால் இஞ்ச் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். சாயங்காலம் தட்டில் வெள்ளைப் படலம் தடிப்பாகப் படிந்திருந்தால் அந்தத் தண்ணீர் ஏசிக்கு ஆகாது. குழாயில் வரும் குடிதண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். இரண்டு வாளி போதும்.

செய்யும் முறை இதுதான். எம்சிபியை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். பூவாளியாலோ மெல்லிய ஹோஸாலோ பின்பக்கத் தகடுகள் மேல் நேராக, மேலிருந்து கீழாக விடுங்கள். சாய்வாக வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கி அடைத்துக்கொள்ளும். வயர் இணைக்கும் மூடி இருக்கும் பக்கத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். ஸ்டாண்ட், போல்ட், பைப் வால்வு எல்லாவற்றிலும் கொஞ்சம் ஊற்றுங்கள், அங்கேயும் உப்பு இருக்கும். அரை மணி நேரம் காயவிட்டுப் போடுங்கள். மாடிச் சுவரில் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் இதை நீங்கள் செய்ய வேண்டாம், ஆளை வைத்துச் செய்யுங்கள்.

கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பதினைந்து நாளைக்கு ஒரு முறை, மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை கழுவுங்கள். நாகர்கோவில், தக்கலை அளவு உள்ளே இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

ஆசிட் கலந்த கிளீனர் ஒன்றைச் சிலர் கொண்டுவருவார்கள். ஊற்றியதும் நுரைத்து, காயில் பளபளவென்று ஆகும். அந்தப் பளபளப்பு தகட்டின் மேல்தோலும் பூச்சும் கரைவதால் வருவது. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணெய், பெயின்ட், கிரீஸ் எதையும் காயிலில் அடிக்காதீர்கள், தூசி ஒட்டி அடைத்துவிடும். அரிப்புத் தடுப்புப் பூச்சு அடித்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் புது யூனிட்டாக இருந்தால் மட்டும் கேட்கலாம். உப்புப் படிந்த காயிலின் மேல் அடித்தால் உப்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

7. உள்யூனிட்

இது எளிது. ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கழற்றிக் குழாயில் காட்டி நிழலில் காயவையுங்கள். அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் உலர்ந்து பூஞ்சை குறையும். மழை மாதங்களில், ஈரத்தை இழுப்பதற்கான ட்ரை மோட் பயன்படுத்துங்கள். உள்ளே சொட்டினால் பத்தில் ஒன்பது தடவை டிரெயின் பைப் அடைப்பாகத்தான் இருக்கும். வெளிமுனையில் இழுத்தாலோ ஊதினாலோ போய்விடும், அதற்கு எழுநூறு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

வெப்பநிலையை 24லிருந்து 26க்குள் வைத்து, சீலிங் ஃபேனை மெல்லச் சுழலவிடுங்கள். 2020 ஜனவரி முதல் வரும் ஏசிகள் போட்டதும் 24இல்தான் தொடங்க வேண்டும் என்பது அரசு விதி. 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறு. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடுவதுதான் மிச்சம்.

8. சர்வீசுக்கு நாள் குறியுங்கள்

பிப்ரவரி நடுவில் ஒரு முழு சர்வீஸ். அப்போது கூப்பிட்டால் மறுநாளே வருகிறார்கள், வேலையையும் நிதானமாகச் செய்கிறார்கள். ஏப்ரலில் கூப்பிட்டால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடுவார்கள். அடுத்தது செப்டம்பர் கடைசியில், காற்று அடங்கியதும். இதில் வெளியூனிட், ஸ்டாண்ட், போல்ட், எலக்ட்ரிக் இணைப்பு, எறும்பு, பல்லி எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். போர்டில் பல்லி மாட்டிச் செத்து, இரண்டு முனையும் ஷார்ட் ஆகும் பிரச்சினை நம் ஊரில் அடிக்கடி வருவது என்று மெக்கானிக் சொன்னார்.

தனி மெக்கானிக்குக்கு அறுநூறு முதல் எண்ணூறு, கம்பெனி ஆளுக்கு அதைவிடக் கூட. வாரன்டி காலத்தில் வெளி ஆளைக் கொண்டு யூனிட்டைத் திறக்காதீர்கள், அதையே காரணம் காட்டுவார்கள். வருட ஒப்பந்தம் எடுப்பதானால் கேஸும் காயிலும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். அடங்காத ஒப்பந்தம் என்றால் வெறும் கழுவலுக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள்.

9. 'கேஸ் குறைஞ்சிருக்கு' என்று சொன்னால்

ஏசியின் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்வது இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இது தெரியாமல்தான் நான் இரண்டு தடவை பணம் கொடுத்தேன். "முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள், அடைத்துக் காட்டுங்கள், பிறகு நிரப்புங்கள்" என்று சொல்லுங்கள். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது வெளியூனிட் ஸ்டிக்கரில் இருக்கும். தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்து நிரப்ப வேண்டும். ஜாப் ஷீட்டில் கசிந்த இடத்தையும் கிராம் கணக்கையும் எழுதி வாங்குங்கள்.

இப்போது வரும் ஏசிகள் பலவற்றில் இருப்பது ஆர்-32 என்ற கேஸ். அது மெல்லத் தீப்பிடிக்கக்கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் வெல்டிங் செய்ய அனுமதிக்காதீர்கள். அறையில் வேலை நடந்தால் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள்.

10. வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு போகிறவர்களுக்கு

போவதற்கு முன் இரண்டு மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டி உலர்த்துங்கள். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றுங்கள். எம்சிபியை இறக்குங்கள். வெளியூனிட்டைத் தார்ப்பாயாலோ பிளாஸ்டிக்காலோ சுற்றிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரமும் உப்பும் தங்கும், எலி குடியேறும். மேலே மட்டும் ஒரு தகடு போதும். சாவி வைத்திருக்கும் உறவினரிடம் மாதம் இரண்டு தடவை அரை மணி நேரம் ஓடவிடவும், வெளியே இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றவும் சொல்லுங்கள். ஓட்டி முடித்ததும் எம்சிபியை மறுபடி இறக்கிவிட வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் உப்பு தின்னும்.

11. புகார் கொடுக்க வேண்டி வந்தால்

சர்வீஸ் நம்பரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், போலி நம்பர்கள் நிறைய. வாரன்டி அட்டையில் உள்ள நம்பரில் மட்டும் கூப்பிடுங்கள். புகார் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். வந்த ஆள் "ஓடிபி சொல்லுங்க, பார்ட் வந்ததும் மாட்டித் தாரேன்" என்றால் கொடுக்காதீர்கள். அந்த ஓடிபி கொடுத்தால் புகார் முடிந்ததாகப் பதிவாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இரண்டு வாரம் போனது இப்படித்தான்.

கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலானவை அங்கேயே பேசி முடிவதாகத்தான் எங்கள் தெருவில் அனுபவம். அதிலும் நடக்கவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தாலும் நாகர்கோவில் போதும். முதல் படியில் சொன்ன கவரை எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

12. எப்போது விட்டுவிடலாம்

ஏழெட்டு வருடம் ஓடிய ஏசிக்குக் காயிலும் கேஸும் சேர்த்துப் புது ஏசி விலையில் பாதியை நெருங்கிச் செலவு வந்தால் நான் புதிதாகத்தான் வாங்குவேன். மூன்று நான்கு வருட யூனிட், கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது என்றால் காயிலை மாற்றுவது லாபம். மாற்றும்போது பூச்சுள்ள காயில் கேளுங்கள், அதற்கு எத்தனை மாத வாரன்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பழைய யூனிட்டைக் கழற்றும் ஆள் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் வெளியூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டுத்தான் பைப்பை வெட்ட வேண்டும். அது ஐந்து நிமிட வேலை. ஸ்டெபிலைசரையும் எம்சிபியையும் புது ஏசிக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய ஸ்டாண்டையும் போல்ட்டையும் மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். வெளியே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும், சுவருக்குள் இருக்கும் போல்ட் எவ்வளவு அரித்திருக்கிறது என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீட்டில் கழற்றிய நான்கு போல்ட்டில் ஒன்று கையோடு இரண்டாக முறிந்து வந்தது.